முன்பக்க இருக்கைகள் நிரம்பாத ஊருக்கு விமானம் வருமா? சீனக்குடாவை முன்வைத்து ஒரு விவாதம்

பாலையூற்றுவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தமையனாரின் குடும்பம் பாரிஸில், லா ஷப்பல் பகுதிக்கு அருகில் வசிக்கிறது. ஸ்ரீலங்கன் விமான சேவை பாரிஸுக்கு நேரடியாகப் பறந்த காலத்தில் அவர்கள் இரண்டு தடவை அதில் ஊருக்கு வந்தார்கள். இரண்டு தடவையும் விமானத்தில் ஓர் இருக்கைகூடக் காலியாக இருக்கவில்லை என்று அண்ணா சொன்னார். அப்படியிருந்தும் 2016இல் பாரிஸ், பிராங்பேர்ட் ஆகிய இரு சேவைகளும் நட்டம் காரணமாக நிறுத்தப்பட்டன. பாரிஸ் சேவை சில ஆண்டுகளின் பின் மீண்டும் தொடங்கப்பட்டது என்றாலும், நிரம்பிய விமானம் எப்படி நட்டத்தில் பறக்கும் என்ற கேள்வி என் மனத்தில் அன்றிலிருந்து இருக்கிறது.

இப்போது அதே கேள்வியை வேறொரு காரணத்துக்காகக் கேட்கிறேன். திருகோணமலையின் சீனக்குடா விமான நிலையத்துக்கு வெளிநாட்டுச் சேவை வர வேண்டும் என்று நம் ஊரில் பலரும் பேசுகிறார்கள். ஓடுபாதை ஏறத்தாழ 2,400 மீற்றர் இருக்கிறது, வெளிநாடுகளில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், ஆகவே விமானம் வருவது ஒன்றும் கடினமில்லை என்பதே அவர்களுடைய வாதம். ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு நிறுவனம் வழித்தடம் திறக்குமா? விமானத்தின் முன்பகுதியில் அமர்பவர்கள்தான் அதைத் தீர்மானிக்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அது எவ்வளவு உண்மை என்று விபரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

உவர்மலை ஆசனக்கணக்கன் எழுதியது:

தம்பி, நான் வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தின் வருமானத் திட்டமிடல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு இப்போது உவர்மலையில் ஓய்வாக இருக்கிறேன். உங்கள் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஸ்ரீலங்கனின் எயார்பஸ் ஏ330-300 விமானத்தில் வணிக வகுப்பில் 28 இருக்கைகளும் சிக்கன வகுப்பில் 269 இருக்கைகளும் உள்ளன. சிக்கன வகுப்பில் ஒரு வரிசைக்கு எட்டுப் பேர். வரிசைக்கு வரிசை ஏறத்தாழ 32 அங்குலம் இடைவெளி என்று கொண்டால், ஒரு பயணி விமானத்தின் நீளத்தில் 4 அங்குலத்தைப் பயன்படுத்துகிறார். வணிக வகுப்பில் வரிசைக்கு நால்வர். இருக்கை படுக்கையாக விரிய வேண்டும் என்பதால் வரிசைக்கு ஏறத்தாழ 44 அங்குலம் தேவைப்படுகிறது, அதாவது ஒருவருக்கு 11 அங்குலம். ஆகவே முன்னால் இருக்கும் 28 இருக்கைகளைக் கழற்றிவிட்டால் அதே இடத்தில் ஏறத்தாழ 77 சிக்கன இருக்கைகளைப் பொருத்தலாம்.

அடுத்தது பணம். உண்மையான கட்டணம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரு கணக்குக்காக மட்டும் சிக்கன இருக்கை 100 அலகு, வணிக இருக்கை 400 அலகு என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் நிரம்பினால் பின்பகுதியிலிருந்து 26,900 அலகும் முன்பகுதியிலிருந்து 11,200 அலகும் வரும். 297 பேரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான 28 பேர் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 29 சதவீதத்தைக் கொண்டுவருகிறார்கள். இது நான் இட்டுக்கட்டிய கணக்கு என்றாலும் உலக நிலைமையிலிருந்து மிகவும் விலகியதன்று. கொரோனாவுக்கு முந்திய ஆண்டுகளில் சர்வதேசப் பயணிகளில் சுமார் 5 சதவீதமானோர் மட்டுமே முதல் வகுப்பிலும் வணிக வகுப்பிலும் பறந்தார்கள் என்றும், அவர்களிடமிருந்து பயணிகள் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் வந்தது என்றும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கணக்கிட்டிருந்தது.

இப்போது அந்த 28 இருக்கைகளில் 14 மட்டுமே விற்பனையானதாக எண்ணிப்பாருங்கள். வருமானம் 5,600 அலகாகக் குறைகிறது. அந்த இடத்தில் 77 சிக்கன இருக்கைகளை வைத்திருந்தால் 7,700 வந்திருக்கும். 28இல் 20 இருக்கைகளாவது நல்ல விலைக்கு விற்றால்தான் முன்பகுதி தன் இடத்துக்கான வாடகையைச் செலுத்துகிறது என்று கொள்ளலாம். மேலதிகமான 77 பேரைப் பிடிக்கக் கட்டணத்தைக் குறைக்க நேரும், அப்போது ஏனைய 269 பேரின் கட்டணமும் சேர்ந்து இறங்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஆகையால் முன்பகுதி வெறுமையாக இருக்கும் வழித்தடத்தில் இருக்கைகளை மாற்றிப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது.

உங்கள் தமையனார் பார்த்த நிரம்பிய விமானத்துக்கு வருகிறேன். அவர்கள் வந்தது பாடசாலை விடுமுறைக் காலமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆடி மாதத்தில் ஐரோப்பாவிலிருந்து புறப்படும் விமானம் நிரம்பி வழியும். அதே விமானம் திரும்பிப் போகும்போது பாதி வெறுமையாக இருக்கும். ஆவணி முடிவில் இது தலைகீழாகும். ஐப்பசியில் இரண்டு திசையிலும் ஆள் குறைவு. பயணிக்குத் தான் இருந்த விமானம் மட்டுமே தெரியும். நிறுவனமோ ஆண்டின் 365 நாட்களையும் இரண்டு திசைகளையும் சேர்த்துப் பார்க்கிறது. விடுமுறைக்கு வரும் குடும்பம் நான்கைந்து மாதங்களுக்கு முன்பே மிக மலிவான சீட்டைத் தேடி வாங்கிவிடும். நிறுவனச் செலவில் பயணிப்பவர் இரண்டு நாட்களுக்கு முன்பு வாங்குவார், விலை கேட்கமாட்டார், தைமாதத்திலும் போவார், ஐப்பசியிலும் போவார். நீண்ட தூர வழித்தடத்தை ஆண்டு முழுவதும் தாங்கிப்பிடிப்பவர் இந்த இரண்டாமவர்தான். ஒரு குறிப்பிட்ட வழித்தடத்தின் கணக்கேட்டை நான் பார்க்கவில்லை. பொதுவாக இத்தகைய வழித்தடங்கள் எப்படி மூடப்படுகின்றன என்பதையே சொல்கிறேன்.

மூதூர்க்காரன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். ஐயா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். கணக்கு விளங்குகிறது, ஆனாலும் எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது. நான் 14 வருடங்கள் டோஹாவில் மின்னிணைப்பு வேலை செய்தவன். மூதூர், கிண்ணியா, தோப்பூர் பகுதிகளிலிருந்து போகும் எங்களில் ஒருவர்கூட வணிக வகுப்பில் ஏறியதாக நான் அறியவில்லை. அப்படியிருந்தும் கொழும்பிலிருந்து வளைகுடா நகரங்களுக்கு ஒவ்வொரு நாளும் பல விமானங்கள் பறக்கின்றன. முன்பகுதிதான் தீர்மானிக்கிறது என்றால் இந்த விமானங்கள் எப்படி ஓடுகின்றன? இரண்டு வருட உழைப்பை முடித்துக்கொண்டு பின்வரிசையில் வந்தவர்களும் இந்த வழித்தடங்களைக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள் என்பதை ஒரு கணக்கிலும் காண முடியவில்லை.

உவர்மலை ஆசனக்கணக்கன் எழுதியது:

உங்கள் ஆட்சேபம் நியாயமானது. நான் சொன்னதில் அந்தப் பகுதி விடுபட்டுவிட்டது.

வளைகுடா நான்கு அல்லது ஐந்து மணி நேரப் பயணம். அந்தத் தூரத்துக்கு ஏ320, ஏ321 போன்ற ஒற்றை நடைபாதை விமானமே போதும். எரிபொருள் குறைவு, ஊழியர் செலவு குறைவு, ஒரே இரவில் போய்த் திரும்பிவிடலாம். செலவு குறைவாக இருக்கும் இடத்தில் முன்பகுதியின் வருமானம் இல்லாமலும் கணக்கு நேராகும். தூரம் கூடக் கூட முன்பகுதியின் பாரம் கூடுகிறது.

இன்னொன்று, ஒரே நிறுவனம் ஒரே வகை விமானத்தை வெவ்வேறு மக்களுக்காக வெவ்வேறு விதமாக அமைப்பதுண்டு. எமிரேட்ஸின் ஏ380 விமானங்களில் ஒரு தொகுதிக்கு முதல் வகுப்பே கிடையாது. வணிக வகுப்பில் 58, சிக்கன வகுப்பில் 557, ஆக 615 பேர். மற்றொரு தொகுதியில் முதல் வகுப்பு 14, வணிக வகுப்பு 76, வணிகத்துக்கும் சிக்கனத்துக்கும் இடைப்பட்ட பிரீமியம் எக்கொனமி 56, சிக்கன வகுப்பு 338, ஆக 484 பேர். ஒரே வகை உடல். 131 பேர் வித்தியாசம். எந்த நகரத்துக்கு எதை அனுப்புவது என்பதை அந்த நகரத்தவர்கள் எப்படிப் பணம் செலுத்துகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. உழைப்பாளிகளும் குடும்பங்களும் அதிகம் பயணிக்கும் தடங்களுக்கு அந்த 615 பேர் அமைப்புப் பொருந்தும். ஆகையால் மூதூர் நானா, பின்வரிசையில் வந்தவர்கள் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கென்றே ஒரு விமானம் அமைக்கப்பட்டிருக்கிறது. வாரத்தில் எத்தனை தடவை, எத்தனை மணிக்கு என்ற விடயங்களில்தான் முன்பகுதிக்காரரின் சொல் கூடுதலாக எடுபடுகிறது.

கோணேசபுரி மாணவி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் திருகோணமலை வளாகத்தில் படிக்கிறேன். கொழும்புக்குப் போகும் பேருந்துகளை வைத்து இதை விளங்கிக்கொள்ள முயன்றேன். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சாதாரண பேருந்தில் ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர். குளிரூட்டிய பேருந்தில் இரண்டும் இரண்டும். ஆனால் அவை தனித்தனி வண்டிகள். விமானத்தில் மட்டும் ஏன் இரண்டு வகையினரையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டும்? வசதியானவர்களுக்குத் தனி விமானம் விடக்கூடாதா? நேரத்தில் முன்பகுதிக்காரரின் சொல் எப்படி எடுபடுகிறது என்பதையும் விளக்க முடியுமா?

உவர்மலை ஆசனக்கணக்கன் எழுதியது:

நல்ல ஒப்பீடு, தங்கை. தனி விமானம் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்; அந்த வரலாறு உங்களுக்குப் பயன்படும்.

லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையில் முழுக்க முழுக்க வணிக வகுப்பாக ஓடிய மூன்று நிறுவனங்கள் இருந்தன. மெக்ஸ்ஜெட் 2007 டிசம்பரிலும், ஈயோஸ் 2008 ஏப்ரலிலும், சில்வர்ஜெட் 2008 மேயிலும் நின்றுபோயின. ஈயோஸ் ஒரு போயிங் 757 விமானத்தில் 48 இருக்கைகளை மட்டுமே வைத்திருந்தது. எரிபொருள் விலை ஏறியது, வங்கிகள் செலவைக் குறைத்தன. பின்னால் அமர்ந்து செலவில் ஒரு பகுதியையாவது சுமக்க எவரும் இல்லாத விமானம் அந்த அடியைத் தாங்கவில்லை. பேருந்துக்காரர் குளிரூட்டிய வண்டியில் ஆள் குறைந்தால் அடுத்த நாள் ஓட்டாமல் விடலாம். மாதத் தவணை கட்டும் விமானத்தை நிறுத்திவைப்பதே பெருஞ்செலவு. ஒரே வண்டியில் இரு வகையினரையும் ஏற்றுவதன் பயன் இதுதான்: ஒரு வகையினர் குறையும் காலத்தில் மற்றவர் ஓரளவு தாங்குவார்.

பெரிய நிறுவனத்தின் நிழலில் ஓடியவை சற்று நீடித்தன. பிரிட்டிஷ் எயார்வேஸ் 2009இல் லண்டன் நகர விமான நிலையத்திலிருந்து நியூயோர்க்குக்கு ஏ318 விமானத்தில் 32 இருக்கைகளுடன் ஒரு சேவையைத் தொடங்கியது. அந்த ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீற்றர் மட்டுமே; முழு எரிபொருளுடன் எழ முடியாது. எனவே போகும்போது அயர்லாந்தின் ஷானனில் இறங்கி எரிபொருள் நிரப்புவார்கள், அந்த இடைவேளையில் பயணிகள் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை முடித்துக்கொள்வார்கள். வங்கியாளர்களின் அலுவலகங்களுக்குப் பக்கத்தில் இருந்ததால் மட்டுமே அந்தச் சேவை 2020 வரை நின்றுபிடித்தது. நம் சீனக்குடாவின் ஓடுபாதை அதைவிட ஏறத்தாழ 900 மீற்றர் நீளமானது. ஓடுபாதையின் நீளம் மட்டும் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் எயார்லைன்ஸ் இன்னும் துணிந்தது. 2008இல் சிங்கப்பூர்–நியூவாக் விமானத்தை 100 வணிக இருக்கைகளாக மாற்றியது. நான்கு இயந்திர ஏ340-500 குடித்த எரிபொருளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2013இல் அதை நிறுத்திவிட்டு, 2018 ஒக்டோபரில் ஏ350 விமானத்துடன் மீண்டும் வந்தது. இம்முறை 67 வணிக இருக்கைகள், 94 பிரீமியம் எக்கொனமி இருக்கைகள். சிக்கன வகுப்பு அறவே இல்லை. ஏறத்தாழ 15,300 கிலோமீற்றர் தூரத்துக்குச் சுமக்க வேண்டிய எரிபொருளின் எடை அவ்வளவு என்பதால், 161 இருக்கைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏறும் ஒவ்வொருவரும் கூடுதலாகச் செலுத்துபவராக இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரே உதாரணம் போதும். ஆப்பிள் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஷாங்காய்க்கு நாளொன்றுக்கு 50 வணிக இருக்கைகளை வாங்குகிறது என்று யுனைற்றெட் விமான நிறுவனத்தின் உள்ளகத் தகவலொன்று 2019இல் வெளியே வந்தது. ஒரே வாடிக்கையாளர், ஒரே வழித்தடம், ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டொலர். அத்தகைய வாடிக்கையாளர் திங்கட்கிழமை காலையில் கூட்டம் இருக்கிறது என்றால் அதற்கேற்ற நேரத்தில் விமானம் இருந்தாக வேண்டும். ஒரு பெரிய விமானத்தை விட இரண்டு சிறிய விமானங்கள், காலையில் ஒன்று மாலையில் ஒன்று, அவருக்கு வசதி. ஆகவே இருக்கைகளின் மொத்த எண்ணிக்கை கூடாமலே தடவைகள் கூடும். நேர உரிமை, அதாவது குறித்த நேரத்தில் இறங்கி ஏறும் அனுமதி, எளிதில் கிடைக்காத நிலையங்களில் இது எதிர்ப்பக்கமாகப் போகும். லண்டன் ஹீத்ரோவில் இறங்கி ஏறும் ஒரு சோடி நேர உரிமைக்கு 2016இல் ஓமான் எயார் ஏழரைக் கோடி டொலர் செலுத்தியதாகச் செய்தி வந்தது. அவ்வளவு விலை கொடுத்த நேரத்தில் மலிவான இருக்கைகளை நிரப்பிக்கொண்டு வருவது கட்டாது. பிரிட்டிஷ் எயார்வேஸின் போயிங் 747 ஒன்றில் மொத்தம் 275 இருக்கைகளே இருந்தன, அவற்றில் 86 வணிக வகுப்பு, 14 முதல் வகுப்பு.

நிலாவெளிக் கடலோரம் எழுதியது:

நான் விடுதித் தொழிலில் இருக்கிறேன். ஐயா அலுவலகப் பயணிகளையே பேசுகிறார், ஆனால் கொரோனாவுக்குப் பின் நிலைமை மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தம் சொந்தப் பணத்தில், விடுமுறைக்காக வணிக வகுப்பில் வருபவர்கள் பெருகியிருக்கிறார்கள். மாலைதீவைப் பாருங்கள், அங்கே எத்தனை பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன? மேலும் நமது பருவம் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை. தென்மேற்குக் கரையில் மழை பெய்யும் காலத்தில் நமது கடல் கண்ணாடி போல் இருக்கும், ஐரோப்பாவின் கோடை விடுமுறையும் அப்போதுதான் வரும். என்னிடம் வரும் விருந்தினர்களில் சிலர் கட்டுநாயக்காவிலிருந்து ஹபரணை வழியாக ஐந்தாறு மணி நேரம் காரில் வருகிறார்கள். சிலர் சினமன் எயாரின் சிறிய செஸ்னா விமானத்தில் சீனக்குடாவுக்கு வருகிறார்கள். அந்தப் பணம் இங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

உவர்மலை ஆசனக்கணக்கன் எழுதியது:

விடுமுறைக்காரர்கள் முன்பகுதியை நிரப்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது முற்றிலும் சரி. மலிவுக் கட்டணத்துக்கே பெயர்போன இண்டிகோ 2024 நவம்பரில் டெல்லி–மும்பை தடத்தில் 12 வணிக இருக்கைகளுடன் பறக்கத் தொடங்கியதே போதிய சான்று. ஆனால் மாலைதீவில் ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான விலையுயர்ந்த அறைகள் உள்ளன. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் அந்த விலைக்கு எத்தனை அறைகள் இருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு 20 வணிக இருக்கைகள் என்றால் வாரத்துக்கு 60 பேர். ஒவ்வொருவரும் ஏழு இரவு தங்கினாலும், இருவருக்கு ஓர் அறை என்ற கணக்கில், 30 உயர்தர அறைகள் இடையறாது நிரம்பியிருக்க வேண்டும். அதுவும் அனைவரும் இந்த ஒரே விமானத்தில் வந்தால்தான். ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் அந்த அறைகள் மூடப்படும். அரை ஆண்டுக்கு மட்டும் வரும் விமானத்தை மற்ற அரை ஆண்டு எங்கே அனுப்புவது என்பது நிறுவனத்தின் தலையிடி. அதற்கு அவர்களிடம் விடை இருந்தால் வருவார்கள்.

செஸ்னாவில் வருபவர்களைப் பற்றி நீங்கள் சொன்னது மிகவும் முக்கியம். பணம் உள்ளவருக்குச் சிறிய விமானம் போதும், பெரிய விமானத்தைத் தனியே நிரப்ப அவரால் இயலாது என்பதை உங்கள் விருந்தினர்களே காட்டிவிட்டார்கள்.

உட்துறைமுக வீதி எழுதியது:

எண்ணெய்த் தாங்கிகளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பிரித்தானியர் கட்டிய 99 தாங்கிகள் சீனக்குடாவில் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்கும் உடன்படிக்கை 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. துறைமுகமும் எண்ணெய்த் தொழிலும் வளர்ந்தால் பொறியியலாளர்களும் நிறுவன அதிகாரிகளும் வருவார்கள். ஐயா கேட்கும் முன்பகுதிக்காரர்கள் அவர்கள்தானே? அப்போது சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ நேரடி விமானம் வர வாய்ப்பில்லையா?

உவர்மலை ஆசனக்கணக்கன் எழுதியது:

வாய்ப்பு உண்டு, முன்னுதாரணமும் உண்டு. ஜேர்மன் மோட்டார்த் தொழில் புனே நகரில் நிலைகொண்டபோது, லுஃப்தான்சா பிராங்பேர்ட்டிலிருந்து அங்கே ஒரு சிறிய போயிங் 737 விமானத்தை இயக்கியது. அதில் வணிக வகுப்பின் பங்கு மிக அதிகம். இவ்வளவு தூரத்துக்குச் சிறிய விமானம் என்பதால் இடையில் எரிபொருளுக்காக இறங்க வேண்டியிருந்தது. புனே நிலையமும் சீனக்குடாவைப் போலவே விமானப் படைக்குரியது. படைத்தளம் என்பது தடையாகவே இருக்க வேண்டியதில்லை.

ஆனால் எண்ணெய் நகரத்தின் கதையையும் கேளுங்கள். நோர்வேயின் ஸ்டவங்கர் நமது ஊரைப் போன்றதொரு துறைமுகம். வடகடல் எண்ணெயின் தலைநகர். ஸ்கண்டினேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ். 2014 ஓகஸ்டில் அங்கிருந்து அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு 44 வணிக இருக்கைகள் மட்டுமே கொண்ட 737 விமானத்தைத் தொடங்கியது. இரண்டு எண்ணெய் நகரங்களை இணைக்கும் திட்டம் காகிதத்தில் மிக அழகானது. அதே ஆண்டின் பிற்பாதியில் பீப்பாய் 100 டொலருக்கு மேல் இருந்த மசகெண்ணெய் 2015 ஜனவரியில் 50 டொலருக்குக் கீழே விழுந்தது. எண்ணெய் நிறுவனங்கள் முதலில் வெட்டியது பயணச் செலவை. 2015 ஒக்டோபரில் சேவை நின்றது. பதினான்கு மாதங்கள். ஒரே தொழிலை நம்பிய முன்பகுதி அந்தத் தொழிலோடு சேர்ந்து விழும். தாங்கிகள் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். அவற்றை நம்பி நீண்ட தூர விமானத்தைக் கேட்க மாட்டேன்.

ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எழுதியது:

நான் உட்துறைமுக வீதியில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கனடாவில் இருக்கிறேன். நம்மவர்களைச் சிக்கன வகுப்பிலேயே வைத்துப் பேசுவது பழைய கணக்கு. 1980களில் வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது நல்ல வேலைகளில் இருக்கிறார்கள். சென்ற வருடம் என் அம்மாவை அழைத்தபோது அவருடைய முழங்கால் நோவை எண்ணிப் பிரீமியம் எக்கொனமியில் சீட்டு எடுத்தேன். வணிக வகுப்பு எனக்குக் கட்டாது, ஆனால் இது கட்டியது. அம்மா காலை நீட்டி உறங்கி வந்தேன் என்று சொன்னபோது அந்தப் பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் நண்பர்களில் பலர் பெற்றோருக்காக இப்படிச் செய்கிறார்கள். இந்தப் பயணிகளை எந்த நிறுவனமாவது எண்ணுகிறதா?

உவர்மலை ஆசனக்கணக்கன் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதே இவ்விழையில் நான் எதிர்பாராத செய்தி. பிரீமியம் எக்கொனமி இருக்கை சிக்கன இருக்கையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடத்தையே எடுக்கும். கட்டணமோ பெரும்பாலும் அதைவிடக் கூடுதலான மடங்கு. இடத்துக்கு வரும் வருமானம் என்று பார்த்தால் சில தடங்களில் அது வணிக வகுப்பையே மிஞ்சிவிடும். எமிரேட்ஸ் தன் பழைய விமானங்களைத் திறந்து அந்த இருக்கைகளைப் பொருத்திவருவது அதனால்தான். முதியவர்களை அழைக்கும் பயணம் பருவத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று. பேரப்பிள்ளை பிறப்பதற்கும் விசா கிடைப்பதற்கும் விடுமுறை மாதம் கிடையாது. ஆகவே என் முதல் பதிவில் புலம்பெயர்ந்தோரை விடுமுறைக் கூட்டமாக மட்டும் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஆயினும் இந்த வரவு கொழும்பு–லண்டன் போன்ற தடத்துக்கு வலுச் சேர்க்குமே தவிர, சீனக்குடாவுக்கு நேரடியாக ஒரு விமானத்தைக் கொண்டுவராது. இங்கிருந்து லண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். 2024 நவம்பரில் சேவைக்கு வந்த ஏ321 எக்ஸ்.எல்.ஆர். விமானத்தின் எல்லை 8,700 கிலோமீற்றர் என்று சொல்லப்பட்டாலும், மேற்கு நோக்கிய எதிர்காற்றில் முழுச் சுமையுடன் அது போய்ச்சேராது.

பாலையூற்றுவாசி எழுதியது:

அப்படியானால் நாம் எதைத்தான் கேட்பது, அண்ணா? முன்பகுதியும் நிரம்பாது, தூரமும் கட்டாது என்றால் தெற்கிலுள்ள மத்தள விமான நிலையத்தின் நிலைமைதான் நமக்குமா? 2013இல் திறந்து, ஏ380 இறங்கக்கூடிய ஓடுபாதை இருந்தும், 2018இல் கடைசியாக எஞ்சியிருந்த ஒழுங்கான வெளிநாட்டுச் சேவையும் போய்விட்டதே.

உவர்மலை ஆசனக்கணக்கன் எழுதியது:

மத்தளவைப் பார்க்காதீர்கள், யாழ்ப்பாணத்துப் பலாலியைப் பாருங்கள். 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏ.ரி.ஆர். 72 விமானம் வந்தது. கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. ஏ.ரி.ஆர். விமானத்தில் எழுபது சொச்சம் இருக்கைகள், எல்லாம் ஒரே வகுப்பு. முன்பகுதி என்ற ஒன்றே இல்லாததால் அது நிரம்பவில்லையே என்ற கவலையும் இல்லை. உந்துவிசிறியைச் சுழற்றும் அதன் டர்போப்ரொப் இயந்திரம் குறைந்த எரிபொருளில் ஓடும். இங்கிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீற்றர், திருச்சி 400 கிலோமீற்றருக்கும் குறைவு. மருத்துவத்துக்குப் போகிறவர்கள், கோயில்களுக்குப் போகிறவர்கள், துணி எடுக்கப் போகிறவர்கள், கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் என்று இரு திசையிலும் ஆண்டு முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் இறங்கினால் ஐரோப்பாவுக்கான இணைப்பும் கிடைக்கும். இந்தச் சேவை சில ஆண்டுகள் ஒழுங்காக ஓடினால், அடுத்ததாக வளைகுடாவுக்கு ஒற்றை நடைபாதை விமானமொன்றைக் கேட்க நமக்கு ஒரு பிடி கிடைக்கும். துபாய் இங்கிருந்து ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர்தான்.

கேட்கும்போது "எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள்" என்று மனுக் கொடுத்தால் எந்தத் திட்டமிடல் அதிகாரியும் அதை இரண்டாம் தடவை வாசிக்க மாட்டார். அந்த நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். என்னிடம் அப்படிப்பட்ட மனுக்கள் வந்திருக்கின்றன.

கோணேசபுரி மாணவி எழுதியது:

என்ன எழுதினால் வாசிப்பீர்கள், ஐயா? எங்கள் வளாகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு கணக்கெடுப்புச் செய்ய முடியும்.

உவர்மலை ஆசனக்கணக்கன் எழுதியது:

வீட்டுக்கு வீடு போய், கடந்த பன்னிரண்டு மாதங்களில் வெளிநாடு சென்றவர் எவர், இறுதியாகச் சென்றடைந்த நகரம் எது, எந்த மாதத்தில் போய் எந்த மாதத்தில் திரும்பினார் என்று கேளுங்கள். சீட்டுக்குப் பணம் செலுத்தியவர் யார் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். தானா, வெளிநாட்டுப் பிள்ளையா, வேலை வழங்குநரா, முகவரா என்பதில்தான் கட்டணத்தின் தன்மை தங்கியிருக்கிறது. பயணத்துக்கு எத்தனை நாட்களுக்கு முன் சீட்டு வாங்கப்பட்டது என்பதும் வேண்டும். கடைசியாக, கட்டுநாயக்காவுக்குப் போக எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். ஒருவரை வழியனுப்ப வான் பிடித்து, குடும்பமே ஏறிக் கந்தளாயில் தேநீர் குடித்து விடியற்காலையில் போய்ச்சேரும் செலவு எந்த விமான நிறுவனத்தின் ஏட்டிலும் இல்லை. சீனக்குடாவிலிருந்து பறக்க ஒருவர் எவ்வளவு கூடுதலாகச் செலுத்துவார் என்பதை அந்தத் தொகைதான் சொல்லும். வணிக வகுப்பு இல்லாத ஊரில் கட்டணத்தைச் சற்று உயர்த்தி வைக்க நிறுவனத்துக்கு இருக்கும் ஒரே நியாயம் அது.

மூதூர்க்காரன் எழுதியது:

தங்கச்சி, மூதூருக்கும் தோப்பூருக்கும் நான் உங்களோடு வருகிறேன். வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகள் எவை என்று எனக்குத் தெரியும். தாய்மார் சீட்டுகளைக்கூடப் பத்திரமாக வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், அந்த நேரத்துக்கு வாருங்கள். கேள்வித்தாளில் வான் கூலிக்கு ஒரு பெரிய கட்டம் விடுங்கள், ஏனென்றால் போகும்போது ஒரு தொகை, வரும்போது சாமான்களோடு வேறொரு தொகை.